அசையாமல் நாற்பது நிமிடம்

ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற செண்பகம் கதவைச் சாத்திய மறுநொடியே ஞானசெல்விக்கு மூக்கு நுனி அரித்தது. கோயிலில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது இருமல் வருவதைப்போல, நீதிபதி தீர்ப்பை வாசிக்கத் தொடங்கும்போது தும்மல் முட்டுவதைப்போல, கூடாது என்று ஒருவர் சொன்னால் போதும், இந்த உடம்பு அதைத்தான் செய்யப் பார்க்கும். நாற்பது நிமிஷம்க்கா, கழுத்து அசஞ்சா படம் கலங்கிரும், மறுபடி முதல்ல இருந்து எடுக்கணும், பயமா இருந்தா கையில இருக்க ரப்பர் பந்த அமுக்குங்க என்று செண்பகம் சொல்லியிருந்தாள். காதில் பஞ்சு, அதன்மேல் தலையில் மாட்டுகிற கனத்த மூடி, முகத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூண்டு, கூண்டில் உள்ளங்கை அகலக் கண்ணாடி. கண்ணாடியில் பார்த்தால் கால்மாட்டுச் சுவரில் இருக்கும் ஜன்னலும் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் செண்பகம் உட்கார்ந்திருக்கிற அறையும் தெரிந்தன. செண்பகத்தின் நாற்காலிக்குப் பின்னால் தம்பி மானு நின்றான். இம்மானுவேல் என்பது பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயர். அவன் கையில் அவளுடைய சங்கிலி, கடிகாரம், போன். போன்தான் முக்கியம். பன்னிரண்டு மணிக்கு டெல்லியில் அந்த மசோதாவைப் பற்றி அமைச்சர் எழுந்து பேசப்போகிறார், சென்னையில் ஃபர்ஸானா அதைப் பார்த்துவிட்டு உடனே எழுதுவாள், எழுத்து வந்து விழப்போவது மானுவின் கைக்குள். அவளோ பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் குழாய்க்குள் கிடக்கிறாள். வேறு நாள் கேட்டுப் பார்த்தாள். இத விட்டா இருவது நாள் ஆவும் என்றார்கள். இடதுகையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது. ஜில்லா கோர்ட்டில் பத்தொன்பது வருஷமாகத் தட்டச்சு செய்கிற கைக்கு இரண்டு விரல் இல்லையென்றால் பாதிக் கை இல்லை. இப்போது மணி பதினொன்று நாற்பது இருக்கும். இல்லை, உடை மாற்றவே ஐந்து நிமிஷம் ஆனது, நாற்பத்தைந்து. நாற்பத்தைந்தும் நாற்பதும் பன்னிரண்டு இருபத்தைந்து. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சத்தம் தொடங்கியது. முதலில் மரங்கொத்தி, பிறகு யாரோ இரும்புக் கட்டிலை மாடிப்படியில் இழுத்துப்போகிறார்கள், பிறகு ஒரே சுதியில் நீளமாக ஒரு பழைய டைப்ரைட்டர் பிடிவாதம் பிடிக்கிறது. இதை எப்படி எழுதுவது என்று மனம் தன்பாட்டுக்குப் போயிற்று. சதுர அடைப்புக்குள் இயந்திர இரைச்சல் என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது, ஆனால் மானு விடமாட்டான், என்ன இரைச்சல் என்று கேட்பான். மழைச் சத்தம் என்று ஒருமுறை எழுதியதற்கு, எதுமேல பெய்யிற மழை என்று கேட்டான். அன்றிலிருந்து தகரத்தில் மழை, இலையில் மழை, தூரத்தில் மழை என்று அவள் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. அமைதி என்று எழுதினால் அதுவும் தகராறு. எனக்கு எல்லாம் அதானே, இதுல மட்டும் எதுக்குத் தனியா எழுதுத என்று சைகையில் கேட்டு, விரலில் ஒட்டியிருந்த மாவை அவள் கன்னத்தில் தடவினான். பேக்கரியில் மாவு பிசைகிறவன். கை பேசும்போது வெனிலா வாசம் வரும். இங்கே வாசமே இல்லை, ஏசியின் குளிர் மட்டும் முழங்காலில் ஏறுகிறது. ஏழு வருஷம். ஏழு வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, சீரியலும் செய்தியும் சமையல் நிகழ்ச்சியும் மருத்துவர் பேட்டியும் என்று, பேசுகிற பேச்சையும் கேட்கிற சத்தத்தையும் எழுதி, எந்த வரி எந்த நொடியில் என்று நேரம் குறித்து, ஃபர்ஸானா நடத்துகிற தளத்தில் போடுகிறாள். படம் கிடையாது, ஒலி கிடையாது, எழுத்தும் நேரமும் மட்டும்தான். அவரவர் வீட்டில் அவரவர் படத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் இதை ஓடவிட்டால் காது கேளாதவர்கள் வாசித்துக்கொண்டே பார்க்கலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அறுபது பேர் இப்படி எழுதுகிறார்கள், அதில் இருவரைத்தான் அவள் நேரில் பார்த்திருக்கிறாள். கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண் எழுதினாள், என் மாமியாருக்கும் எனக்கும் பத்து வருசத்துல முதல்முறையாச் சண்டை வந்துச்சு, சீரியல்ல யார் பக்கம் நியாயம்னு, ரொம்ப நன்றி அக்கா என்று. அந்தக் கடிதத்தை நினைத்ததும் உதடு இழுபட்டது. ஐயோ, சிரித்தால் கழுத்து அசையுமா, அசையாது, கன்னம் மட்டும்தானே, இருந்தாலும் வேண்டாம்.

பொறவு சொல்லுதேன். அம்மா மானுவுக்கு அதிகம் சொன்ன சொல் அதுதான். கூடத்தில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், ஏதோ வேடிக்கை வரும், அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பார், மானு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான், ஒரு நொடி பிந்தித் தானும் சிரிப்பான், என்ன என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுப்பான். பொறவு சொல்லுதேன்ல. உதடு அசைவதை வைத்து அவன் முதலில் கற்ற வாக்கியமே அதுவாகத்தான் இருக்கும். அம்மா மோசமானவள் இல்லை. அடுத்த வேடிக்கை வந்துவிடும், அதற்குள் முந்தியது மறந்துவிடும், அவ்வளவுதான். ஞானசெல்வியும் சொல்லியிருக்கிறாள். அப்பாவைத் தைக்கா தெரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது டாக்டர் கால்மணி நேரம் விளக்கினார், மானு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், அவள் கையை உயர்த்தி, பிறகு என்றாள். ஈரல் என்று சைகையில் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை, சொன்னால் அங்கேயே அழுதுவிடுவோம் என்றும் பயம். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். மானு கேட்கவில்லை, ஒருநாளும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று அவனாகப் போய் டிவியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான், யாரோ வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் அந்த வாய் சொல்வதை ஒவ்வொன்றாக எழுதினாள். அப்படித்தான் தொடங்கியது. அதைத்தான் டெல்லியில் ஒரு மசோதா திருட்டாக்கப் பார்க்கிறது. சத்தம் நின்றது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு காதுக்குள் செண்பகத்தின் குரல், நல்லா இருக்கீங்களாக்கா, பத்து நிமிசம் ஆயிட்டு, பதில் சொல்லாண்டாம், அப்படியே இருங்க.

பத்து என்றால் பதினொன்று ஐம்பத்தைந்து. திருட்டு என்ற சொல் மசோதாவில் இல்லை, மசோதா அப்படிப் பேசாது, அதன் மொழி அவளுக்குப் பழக்கம், தினமும் அடிக்கிற மொழிதான். பதிப்புரிமைத் திருத்த மசோதா, முப்பத்தொன்று ஆ பிரிவு. பிறர் படைப்பிலிருந்து உண்டாக்கிய எந்த எழுத்தையும், அது மொழிபெயர்ப்போ சுருக்கமோ வசன எழுத்தோ, உரிமையாளரின் முன் அனுமதி இல்லாமல் இணையத்தில் பகிரக்கூடாது. பகிர இடம் கொடுக்கிற தளமே ஒவ்வொன்றையும் முன்கூட்டிச் சலித்துப் போடவேண்டும். புகார் ஒன்று வந்தால் ஒரு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், விசாரணை பிறகு. மூன்று புகார் வந்தால் தளமே முடக்கம், பகிர்ந்தவருக்கு மூன்று வருஷம்வரை சிறை. விசாரணை பிறகு என்ற இடத்தில்தான் அவள் விரல் நின்றது. இது சட்டமானால் மறுநாளே கடையைச் சாத்த வேண்டியதுதான் செல்வி, சலிக்கிற மிஷினுக்கு நான் எங்க போவேன் என்று ஃபர்ஸானா சொன்னாள். ஃபர்ஸானா வக்கீல், நாக்கில் பயம் தெரியாது, அவளே அப்படிச் சொன்னாள். முன் அனுமதி கேட்டு ஞானசெல்வி ஏழு கம்பெனிக்கு எழுதினாள். இரண்டு பதில் வந்தது. ஒன்றில், இதற்கென எங்களிடம் தனிப் பிரிவு இல்லை. இன்னொன்றில், கீழே கையெழுத்து மட்டும். அரசு ஊழியர் மேல் வழக்கு என்றால் முதல் நாளே சஸ்பென்ஷன். அவள் அடித்துக் கொடுக்கிற தீர்ப்புகளில் ஒன்றில் அவள் பேரே வரும், அதையும் அவளையே அடிக்கச் சொல்வார்களோ. இப்படி ஒரு எண்ணம் ஏன் வருகிறது. அடிக்கிறேன், பிழையில்லாமல் அடித்துத் தருகிறேன். இரும்புக் கட்டில் மறுபடி படியேறியது. விட்டுவிடு, நிறுத்தினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று மூன்று வாரமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். யாரும் கேட்கமாட்டார்கள். மானுவும் கேட்கமாட்டான். அவன் கேட்கவே மாட்டான், அதுதான்.

எம்.பி.க்கள் குழு ஒன்று சென்னைக்கு வந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது என்றதும் லீவு போட்டு, மானுவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். ஆளுக்கு மூன்று நிமிஷம். காத்திருந்த கூடத்தில் அடுத்த நாற்காலியில் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், மடியில் ஃபைல், காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மசோதாவை ஆதரித்துப் பேச வந்திருப்பதாகச் சொன்னார். முப்பது வருசம் எழுதியிருக்கேம்மா, என் நாடகம் டிவியில முடியறதுக்குள்ள எவனோ முழுசாத் திருடி அவன் சானல்ல போட்டுப் பிழைக்கிறான், என் பேரைக்கூட வெட்டிடறான். பெயர் கேட்டாள். கண்ணபிரான். ஆறு வருஷமாக அவள் எழுதுகிற சீரியலின் வசனம் இவருடையது. இவர் எங்கே நிறுத்துவார், கோபத்தில் எந்தச் சொல்லை இருமுறை போடுவார் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். சார், நீங்க எழுதின ஒவ்வொரு வரியையும் நான் எழுதியிருக்கேன் என்றாள். அவர் முகம் இறுகியது. எதுக்கு? அவள் மானுவைக் காட்டினாள். என்ன செய்கிறாள் என்பதைச் சொன்னாள். அவர் கால் ஆடுவது நின்றது. நான் நிறைய இடத்துல பேச்சே இல்லாம விடுவேனே, பாத்திரம் சும்மா நிக்கும், அங்க என்ன போடுவீங்க என்று கேட்டார். பின்னணியில என்ன கேக்குதோ அதைப் போடுவேன் சார், மின்விசிறி, தெருவுல ஒரு சைக்கிள் மணி. சைக்கிள் மணியா, நானா வச்சேன்? டைரக்டர் வச்சிருப்பாரு சார். அவர் மெல்ல மானுவின் பக்கம் திரும்பி, என்ன சொல்வதென்று தெரியாமல், கையைக் கூப்பினார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேரை வெட்டிவிடுகிறான் என்றபோது அவர் குரல் உடைந்ததை அவள் கேட்டாள், எழுதினால் அதையும் அடைப்புக்குள் எழுதியிருப்பாள்.

உள்ளே அவள் முறை வந்தபோது எல்லாம் போயிற்று. எழுதிக் கொண்டுபோன தாளை விரித்தாள், மைக்கில் தன் மூச்சே தனக்குக் கேட்டது, ஐயா என்று ஆரம்பித்தாள், அதற்கு மேல் ஒரு சொல் எழவில்லை. பத்தொன்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து மற்றவர் பேச்சை அடித்தவளுக்குத் தன் பேச்சு வரவில்லை. பக்கத்தில் நின்ற மானு அவளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பிறகு முன்னால் வந்து தானே பேசத் தொடங்கினான். கை வேகமாக ஓடியது. அவள்தான் அதைக் குரலில் சொல்லியிருக்க வேண்டும், அதற்குத்தான் வந்தாள், அவளோ வாயடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். எதிரே பதினைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தவர் எதற்கோ புன்னகை செய்து, பிறகு அது தப்போ என்று நிறுத்திக்கொண்டார். தலைவர் கடைசியில், அவர் என்னம்மா சொல்றார் என்றார், யாராவது சொல்லுங்களேன். அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. அதைத்தான் ஐயா நான் எழுதிக்கிட்டிருக்கேன், வேற ஒண்ணுமில்ல என்றாள். பிறகு மானு சொன்னதைச் சொன்னாள், பொறவு சொல்லுதேன் என்பதையும் அப்பாவின் ஆஸ்பத்திரியையும் சொன்னாள். அவன் அதைச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தன் வாயாலேயே மொழிபெயர்த்தாள். நேரமாயிற்று என்று மணியடித்தது. அடுத்துக் கண்ணபிரான் போனார். அவர் என்ன பேசினார் என்று தெரியாது, அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். திரும்பும் ரயிலில் மானு நன்றாகத் தூங்கினான். அவள் விழுப்புரம் தாண்டியும் தன் ஐயா என்ற ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தாள். கெடுத்துவிட்டோம், மூன்று நிமிஷத்தில் ஒரு நிமிஷத்தைச் சும்மா நின்று கெடுத்துவிட்டோம்.

சத்தம் மாறியது, இப்போது தாழ்வாக, வயிற்றில் அதிர்கிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தாள். செண்பகம் தெரிந்தாள், திரையின் நீல வெளிச்சம் தெரிந்தது, மானு இல்லை. எங்கே போனான். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். செய்தி வந்திருக்கும். வந்ததைப் பார்த்துத்தான் வெளியே போயிருக்கிறான், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிருக்கிறான், அழுகை வந்தால் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான், சின்னதிலிருந்தே அப்படித்தான். போயிற்று. ஏழு வருஷமும் ஒரு நாளில் எடுத்துவிட வேண்டும். கோவில்பட்டிப் பெண்ணுக்கு என்ன எழுதுவது. பந்தை அமுக்கினால் செண்பகம் வருவாள், எழுந்து போய்விடலாம், கழுத்து எப்படியும் போகட்டும். மரத்த விரல்களுக்கு நடுவில் ரப்பர் பந்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூச்சு சூடாகக் கூண்டில் பட்டுத் திரும்பி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பதினேழில் ஜன்னலுக்கு அந்தப்பக்கக் கதவு திறந்து மானு வந்தான். போனை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான், அவ்வளவு தூரத்தில் அது வெறும் வெளிச்சம். அவனுக்கே புரிந்து, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினான். அவள் பார்ப்பது கண்ணாடி என்பதால் வலதுகை இடதுகையாகத் தெரிந்தது, மானு திடீரென்று இடக்கைக்காரனாகிவிட்டான். மூன்று விரல். ஒரு விரல். அந்தப் பிரிவுக்கு அவர்கள் வீட்டில் வைத்திருந்த சைகை, உள்ளங்கையால் கண்ணைப் பொத்துவது. பொத்தினான். அப்படியே நின்றான். பாவி, எவ்வளவு நேரம். பிறகு கையை எடுத்து, சோற்றில் விழுந்த ஈயைச் சுண்டி எறிகிற மாதிரி எறிந்தான்.

அவளுக்குப் புரிந்தது, ஆனால் நம்ப முடியவில்லை, இன்னொருமுறை சொல் என்று கேட்கக் கை இல்லை, தலையாட்டக் கழுத்து இல்லை. அவன் அவளுடைய கண்ணை அங்கிருந்து பார்த்திருக்க முடியாது, இருந்தும் மறுபடி சொன்னான், இந்தமுறை நிதானமாக, முழுதாக. அமைச்சர் எழுந்தார். அந்தப் பிரிவு வேண்டாம் என்று குழு சொன்னதை ஏற்றுத் திரும்பப் பெறுகிறோம் என்றார். காது கேளாதவருக்காக எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம் என்று தனியாக ஒரு வரி சேர்க்கிறார்கள். மற்றப் பிரிவுகள் இருக்கின்றன, திருடி விற்கிறவனுக்குத் தண்டனை இருக்கிறது. குழுவின் அறிக்கையில் வசனம் எழுதுகிற ஒருவர் சொன்னதாக ஒரு வாக்கியம் வருகிறதாம், ஃபர்ஸானா அனுப்பியிருக்கிறாள். என் பெயரை வெட்டுகிறவனைப் பிடியுங்கள், நான் பேசாமல் விட்ட இடத்தையும் எழுதிவைக்கிறவளை விடுங்கள். மானு வெளியே போனது அழுவதற்கு இல்லை, உள்ளே சிக்னல் இல்லாமல் ஃபர்ஸானாவின் செய்தி பாதியில் நின்றதால். செண்பகம் பாவம், நாற்காலியில் திரும்பி அவனைப் பார்த்தாள், பிறகு மைக்கை அழுத்தினாள். அக்கா, உங்க தம்பி என்னமோ கையக் கைய ஆட்டுதாரு, உங்களுக்கு முடியலைன்னு சொல்லுதாரா, நிப்பாட்டட்டுமா? கண்ணில் நீர் நிறைந்து இரண்டு பக்கமும் வழிந்து, தலைமூடிக்கு அடியில் புகுந்து, காதுப் பஞ்சை நனைத்தது. அது கூசியது. கூச்சத்தில் தோள் குலுங்கியது, குலுங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்குகிறபோது மெதுவாகவா இறங்கும். இரைச்சல் நின்றது.

ஆடிட்டீங்கக்கா, என்றது குரல், வருத்தமாகத்தான். இவ்வளவு நேரம் சிலை மாரி இருந்தீங்க. இந்தக் கடைசிப் பகுதிய மறுபடி எடுக்கணும், ஒம்பது நிமிசம். முடியுமா, இல்ல இறங்கிட்டு வாறீங்களா? எடுங்கம்மா என்றாள் ஞானசெல்வி. உள்ளே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அது, குரல் தட்டாமல் வந்தது. செண்பகம் வந்து கன்னத்தைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, கால்மேல் ஒரு போர்வையை இழுத்துப் போட்டுப் போனாள். சத்தம் மறுபடி தொடங்கியது. கழுத்து என்ன ஆகும், நாளைக்கு டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆபரேஷன் என்றால் ஆபரேஷன், பெல்ட் என்றால் பெல்ட், எட்டு விரலால் எழுதக் கற்றுக்கொண்டால் போயிற்று. விசாரணை பிறகு என்ற வரி ஒருமுறை தலைகாட்டியது. அதைத் துரத்தக்கூட அவள் முயலவில்லை, அது தானாக மங்கியது. கண்ணபிரானுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், எப்படி ஆரம்பிக்க, அன்புள்ள என்று, மதிப்பிற்குரிய என்று, பிறகு என்ன. போர்வைக்குள் முழங்கால் சூடாயிற்று. இரும்புக் கட்டில் படியேறிக்கொண்டே இருந்தது, மேலே, இன்னும் மேலே, யார் வீட்டுக்கோ.

அக்கா, அக்கா, என்று யாரோ பாதத்தைத் தட்டினார்கள். குழாய்க்கு வெளியே இருந்தாள், கூண்டு இல்லை, வெளிச்சம் கூசியது. முடிஞ்சிட்டுக்கா, எந்திரிங்க என்றாள் செண்பகம், பதினோரு வருசமா இந்த மிசின்ல ஆளப் படுக்க வைக்கேன், குறட்டை விட்ட ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். படம் நல்லா வந்திருக்கு. வாசலில் சங்கிலியும் கடிகாரமுமாக நின்ற மானு புருவத்தை உயர்த்தி, என்ன சொல்கிறாள் என்று கேட்டான். அவள் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டபடி, நான் குறட்டை விட்டேனாம் என்று சைகையில் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, குறட்டை என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து, நடு ஸ்கேன் சென்டரில், கூச்சப்படாமல், ஒருமுறை குறட்டை விட்டுக் காட்டினாள்.